சீதன வீடு அவளுடையது, ஓடி வருவதும் அவள்தான்

வாவிக்கரை | ஞாயிறு இரவு

முந்தநாள் இரவு பத்தரை இருக்கும். படலையைத் தட்டுகிற சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தால் மாமி மகள், எனக்கு மச்சாள் முறை, இரண்டு பிள்ளைகளோடு நிற்கிறாள். கன்னம் வீங்கியிருந்தது. அதைவிட எனக்கு நெஞ்சைப் பிடித்தது மூத்தவன் தோளில் கிடந்த பள்ளிக்கூடப் பை. போன முறை இப்படி வந்தபோது பை அங்கேயே கிடந்துவிட்டதால் ஒன்பது நாள் பள்ளிக்கூடம் போகாமல் இருந்தான். இந்த முறை தாய் சொல்லாமலே பையை எடுத்து, கொப்பிகளைச் சரிபார்த்து, புலமைப்பரிசில் வினாத்தாள் கட்டையும் உள்ளே வைத்துக்கொண்டு வந்திருக்கிறான். பத்து வயதுப் பிள்ளைக்கு ஓடுவது பழகிவிட்டது.

அந்த வீடு யாருடையது தெரியுமா? மாமி வயலில் ஒரு துண்டை விற்று, தன் வளவிலேயே மகளுக்குக் கட்டிக் கொடுத்தது. காணி உறுதி மச்சாளின் பெயரில். நம் பக்கத்து வழக்கம் எல்லோருக்கும் தெரியும், பெண்ணுக்குத்தான் வீடு, மாப்பிள்ளைதான் வந்து குடியிருப்பது. அவரும் ஒரு சூட்கேசோடு வந்தவர்தான். இன்று அந்த வீட்டில் அவர் கதவைப் பூட்டிக்கொண்டு படுக்கிறார், வீட்டுக்காரி என் அறையில் பாய் போட்டுப் படுத்திருக்கிறாள்.

பொலிசில் மூன்று தரம் என்ட்ரி போட்டாயிற்று. மூன்று தரமும் அவரைக் கூப்பிட்டு, 'இனி அடிக்க மாட்டேன்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கி, 'சரி, இரண்டு பேரும் ஒற்றுமையாகப் போங்க' என்று ஒரே ஓட்டோவில் ஏற்றி அனுப்பினார்கள். விதானையாரும் (கிராம சேவகர்) வந்து கதைத்தார். இப்போது சொந்தக்காரர் எல்லோரும் என்னிடம் சொல்வது, 'கொஞ்ச நாளைக்கு உங்கட வீட்டிலேயே வைச்சிருங்க, ஆறட்டும்'. அவள் இங்கே இருப்பது எனக்குப் பாரமில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் ஏன் அவள் வெளியே வர வேண்டும், அவரை வெளியே அனுப்ப வழியே இல்லையா? சட்டம் தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

கச்சேரியடி | ஞாயிறு இரவு

முதலில் ஒன்று. ஊர்ப் பெயர், பிள்ளையின் பள்ளிக்கூடம், புருஷன் செய்யும் தொழில் எதையும் இனிமேல் எழுத வேண்டாம். மனு போட்ட பிறகு இரு பக்கத்தாரையும் அடையாளம் காட்டும் விதமாக எதையும் வெளியிடுவது அந்தச் சட்டத்தின் கீழேயே குற்றம்.

வழி இருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் 34-ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம். நான் சட்டத்தரணி. நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு வந்த கோபம், இருபது வருடமாக இருக்கிற ஒரு சட்டத்தை மூன்று தரம் பொலிசுக்குப் போன பெண்ணுக்கு ஒருத்தருமே சொல்லவில்லையே என்பதுதான். இந்தச் சட்டத்தில் பொலிஸ் உத்தியோகத்தரே அவளுக்காக நீதிமன்றத்தில் மனு போடலாம். வாசகம் அப்படித்தான் இருக்கிறது. கையெழுத்து வாங்கி ஓட்டோவில் ஏற்றுவதற்கு அதில் இடமில்லை.

நடைமுறை இதுதான். மச்சாள் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்டு மனு போட வேண்டும். மனுவின் படிவம் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. அவள் தற்காலிகமாகத் தங்கியிருக்கிற இடத்து நீதிமன்றத்திலும் போடலாம், அதனால் உங்கள் வீட்டுக்குக் கிட்ட உள்ள நீதிமன்றம் போதும். அவசரம் இருக்கிறது என்று நீதவான் கண்டால் இடைக்காலக் கட்டளை தருவார், அது 14 நாள் வரை. அதற்குள் விசாரணைக்குத் திகதி போட்டு, அவரையும் கூப்பிட்டுக் கேட்டு, தேவை என்று கண்டால் 12 மாதம் வரைக்கும் பாதுகாப்புக் கட்டளை. நீட்டிக்கச் சொல்லியும் கேட்கலாம்.

உங்கள் கேள்விக்குப் பதில்: அவர் அந்த வீட்டுக்குள் வரக்கூடாது, அங்கே குடியிருக்கக்கூடாது என்று நீதவான் உத்தரவிட முடியும். உறுதி அவள் பெயரில் இருப்பது நல்லதுதான், ஆனால் அது கட்டாயமே இல்லை. சட்டம் பார்ப்பது இருவரும் ஒன்றாகக் குடியிருந்த வீடு என்பதை. புருஷன் பெயரில் உறுதி இருந்தாலும் அவரை வெளியே நிறுத்தலாம். அவள் வேலைக்குப் போகும் இடம், தங்கியிருக்கும் உங்கள் வீடு, இங்கெல்லாம் வரக்கூடாது, போன் எடுக்கக்கூடாது, பின்னால் திரியக்கூடாது, உதவி செய்கிற உங்களைத் தொந்தரவு பண்ணக்கூடாது என்றெல்லாம் கேட்கலாம். குடும்ப வீட்டை விற்கவோ ஈடு வைக்கவோ கூடாது என்றும் கேட்கலாம். அவசரச் செலவுக்குக் காசு கொடுக்கச் சொல்லியும் கேட்கலாம். மனுவில் கேட்காததை நீதவான் தானாக நினைத்துக் கொடுப்பார் என்று இருக்க வேண்டாம், எல்லாவற்றையும் எழுதுங்கள்.

சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள், மட்டக்களப்பில் இருக்கிறது. சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் தொண்ணூறுகளிலிருந்து இங்கே இந்த வேலையைத்தான் செய்கிறது, அங்கும் போய்க் கேட்கலாம். இரவில் அவசரம் என்றால் பொலிஸ் 119. ஆலோசனைக்குப் பெண்கள் உதவி எண் 1938.

தம்பிலுவிலான் | திங்கள் காலை

எல்லோரும் என்னை ஏசினாலும் பரவாயில்லை, மனதில் பட்டதைச் சொல்கிறேன். கோட்டுக்குப் போன குடும்பம் திரும்பிச் சேர்ந்ததை நான் பார்த்ததில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு பிரச்சினை என்றால் தாய்மாமனும், கோயில் நிர்வாகம் பார்க்கிற வண்ணக்கரும் இருந்து பேசித் தீர்ப்பார்கள். பிள்ளைக்குத் தகப்பன் வேண்டாமா? குடிக்கிற மனிசனுக்குத் தேவை குடியை விடுவிக்கிற மருந்து. கட்டளையைக் காட்டி வீட்டை விட்டுத் துரத்தினால் அவன் இன்னும் குடித்துவிட்டு வந்து நிற்பான். 12 மாதம் முடிந்ததும் என்ன செய்வது என்றும் யாராவது சொல்லுங்கள்.

வாவிக்கரை | திங்கள் மதியம்

அண்ணன், ஏச மாட்டேன். நீங்கள் கேட்பதைத்தான் என் அம்மாவும் கேட்கிறா. ஆனால் மச்சாளின் புருஷன் குடித்துவிட்டு அடிக்கிறார் என்று நான் எங்கும் எழுதவில்லை. அவர் குடிப்பதே இல்லை. அடிக்கும்போது வாசல் கதவைச் சாத்திவிட்டு, ரேடியோவைக் கூட்டி வைத்துவிட்டுத்தான் அடிப்பாராம். அவ்வளவு நிதானம். தாய்மாமன் இரண்டு தரம் வந்து பேசினார். அவர் போன பிறகு, 'ஆளைக் கூட்டி வந்து என்னை அவமானப்படுத்தினாயா' என்று மறுகா அதற்கும் ஒரு அடி.

பிள்ளைக்குத் தகப்பன் வேண்டும்தான். இந்தப் பிள்ளை பை கட்டப் பழகினதும் அந்தத் தகப்பனால்தான்.

மருதமுனை மகள் | திங்கள் இரவு

நான் இப்படி இடங்களில் எழுதுவதே இல்லை. ஆனால் இதைப் படித்துவிட்டு நித்திரை வரவில்லை.

எங்கள் ஆக்களிலும் அதே வழக்கம்தான், உம்மா எனக்குக் கட்டித் தந்த வீடு. ஆறு வருடம் அந்த வீட்டுக்குள் நான் பட்டதை எழுதப் போவதில்லை. எல்லோரும் சொன்னது ஒரே வார்த்தை, சபூர். சபூர் செய், அல்லாஹ் கூலி தருவான். பொறுமைக்குக் கூலி உண்டு என்று நானும் நம்புகிறேன், ஆனால் அடிக்கிறவனுக்கு அதை ஒருத்தரும் சொல்லவில்லை.

மறுகா பஸ்ஹ் விவாகரத்து, அதாவது புருஷனின் பிழையைச் சொல்லி மனைவி கேட்கிற விவாகரத்து, கேட்டு முஸ்லிம்களுக்கான காதி நீதிமன்றத்துக்குப் போனேன். அங்கே சட்டத்தரணி வர முடியாது, 1951-ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம் அப்படி. பெண் காதியாக இருக்கவும் முடியாது. ஆண்கள் இருக்கிற அறையில் நான் தனியே நின்று என் உடம்பில் எங்கெங்கே என்று சொல்ல வேண்டியிருந்தது. சாட்சி யார் என்று கேட்டார்கள். கதவைச் சாத்திக்கொண்டு அடித்ததற்கு நான் யாரைச் சாட்சியாகக் கொண்டுபோவது? திகதி மேல் திகதி போனது, அந்த நாட்களிலெல்லாம் அவர் அதே வீட்டுக்குள்தான் இருந்தார்.

பிரதேச செயலகத்தில் இருந்த பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் ஒருவர்தான் எனக்குச் சொன்னார், 'தங்கச்சி, விவாகரத்து வேறு, பாதுகாப்பு வேறு. பாதுகாப்புக்கு நீங்க காதியிடம் போகத் தேவையில்லை, நீதவானிடம் போங்க. அந்தச் சட்டம் எல்லா மதத்துக்கும் ஒன்றுதான்'. இந்த ஒரு வசனம் ஆறு வருடத்துக்கு முன் என் காதில் விழுந்திருந்தால் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். கட்டளை கிடைத்தது. நான் என் வீட்டில் இருந்தேன், அவர் தன் உம்மா வீட்டுக்குப் போனார். அவ்வளவுதான், வானம் இடிந்து விழவில்லை.

மச்சாளுக்கு ஒரு விசயம் சொல்லுங்கள். கட்டளை கிடைத்த அன்றே அதை ஆறேழு போட்டோப்பிரதி எடுக்க வேண்டும். நான் ஒன்றை லெமினேட் பண்ணிக் கைப்பையில் வைத்தேன், ஒன்றைப் பிள்ளையின் அதிபரிடம் கொடுத்தேன், ஒன்று முன்வீட்டு மாமியிடம், ஒன்று பொலிசில் சிறுவர் பெண்கள் பிரிவில். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து அவர் வந்து கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். பொலிசுக்கு எடுத்தேன், வந்த உத்தியோகத்தர், 'புருஷன் தானே, பேசுங்களேன்' என்று தொடங்கினார். நான் ஒன்றும் பேசவில்லை, லெமினேட் பண்ணினதை எடுத்து நீட்டினேன். வாசித்துவிட்டு அவர் குரலே மாறிவிட்டது.

வார்ட் வெளிச்சம் | செவ்வாய் அதிகாலை

இரவு டியூட்டி முடிகிற நேரம் எழுதுகிறேன். நான் தாதி, எந்த ஆஸ்பத்திரி என்று வேண்டாம்.

'கிணற்றுக்கட்டில் வழுக்கி விழுந்தேன்.' இந்த வசனத்தை எத்தனை பெண்களின் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன் என்று கணக்கில்லை. வழுக்கி விழுகிறவர் கையை ஊன்றுவார், உள்ளங்கை உரியும், முழங்கால் உரியும். இவர்களுக்கு முன்கையின் வெளிப்பக்கம் கன்றியிருக்கும், முகத்துக்கு வந்த அடியைக் கையால் மறித்த இடம் அது. பக்கத்தில் புருஷன் பிளாஸ்கோடு நிற்பார், நாங்கள் கேட்கிற கேள்விக்கெல்லாம் அவரே பதில் சொல்வார். அவர் தேத்தண்ணி வாங்கப் போகிற ஐந்து நிமிடம்தான் எங்களுக்குக் கிடைக்கும்.

நான் கெஞ்சிக் கேட்பது இதுதான்: டொக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள். கட்டில் தலைமாட்டில் தொங்குகிற டிக்கெட்டில் 'விழுந்தது' என்று எழுதிவிட்டால் பிறகு நீதிமன்றத்தில் நீங்கள் என்ன சொன்னாலும் அந்தத் தாள் உங்களுக்கு எதிராக நிற்கும். 'கணவர் அடித்தார்' என்று எழுதினால் அதுவே உங்கள் சாட்சி. மருதமுனைத் தங்கச்சி கேட்ட கேள்விக்குப் பதில், கதவைச் சாத்திக்கொண்டு அடித்ததற்கு உங்கள் உடம்புதான் சாட்சி, ஆனால் கன்றினது பத்து நாளில் மறைந்துவிடும், அதற்குள் வர வேண்டும். பொலிசில் முறைப்பாடு போட்டால் சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்டப் படிவம் தருவார்கள், அதைக் கேட்டு வாங்குங்கள். பெரிய ஆஸ்பத்திரிகளில் 'நட்பு நிலையம்' என்று ஓர் அறை இருக்கிறது, சிங்களத்தில் மித்துரு பியச என்பது. அங்கே தனியாக இருந்து பேசலாம், ஆஸ்பத்திரிக்கு வேறு வருத்தத்துக்கு வந்ததுபோல வந்து அங்கே போனால் ஒருத்தருக்கும் தெரியாது.

வாவிக்கரை, மச்சாளை இன்றைக்கே கூட்டிப் போங்கள். கன்னம் வீங்கி நாலு நாளாகிறது.

படுவான்கரை வாத்தி | செவ்வாய் மாலை

சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் வாவிக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்தால் அது வேறு மாதிரித் தெரியும். 2014-இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு போக்குவரத்து எவ்வளவோ மேல், முன்பெல்லாம் துறையில் பாதைப் படகுக்குக் காத்துக் கிடக்க வேண்டும். ஆனாலும் உள்ளே இருக்கிற கிராமங்களிலிருந்து நீதிமன்றத்துக்கு ஒன்பது மணிக்குப் போய்ச் சேர வேண்டுமென்றால் விடியப் புறப்பட வேண்டும். பஸ் இரண்டு, அதில் ஒன்று சில நாள் வராது. என் வகுப்புப் பிள்ளையின் தாய் ஒருத்தி கூலிக்கு வெங்காயம் நடப் போகிறவள். வழக்குத் திகதி ஒவ்வொன்றும் அவளுக்கு ஒரு நாள் சம்பளம். நாலாவது திகதியோடு விட்டுவிட்டாள். நீதவான் மறுத்தார் என்றில்லை, பஸ் காசுதான் மறுத்தது.

இன்னொன்று காணி. வாவிக்கரை எழுதின சீதன வழக்கம் உறுதிக்காணி உள்ள இடத்துக்குச் சரி. எங்கள் பக்கம் அரச காணி, அனுமதிப்பத்திரம். அது பெரும்பாலும் ஆண் பெயரில். பின்னுரித்துக்கு, அதாவது காணிக்காரர் இறந்தால் அடுத்து யாருக்கு என்பதில், ஆணை முன்னுக்கு வைத்த பழைய அட்டவணையை 2022-இல்தான் திருத்தினார்கள். சுனாமிக்குப் பிறகு கரையோரத்தில் கட்டின வீடுகளிலும் 'குடும்பத் தலைவர்' என்று ஆணின் பெயரே பல இடத்தில் போனது, கூட்டு உறுதி தாருங்கள் என்று பெண்கள் அப்போதே கேட்டார்கள். தாய் வழியாக வந்த வீட்டைக் கடல் கொண்டுபோனது, திரும்பக் கட்டிக் கொடுத்தபோது அது புருஷன் வீடாகிவிட்டது. இதை ஒருத்தரும் பெரிதாகப் பேசவில்லை, எனக்கு இன்றும் ஆறவில்லை.

கச்சேரியடி | செவ்வாய் இரவு

வாத்தியார் சொன்னது அத்தனையும் உண்மை. காணி யார் பெயரில் இருந்தாலும் கட்டளை கேட்கலாம் என்பதை மட்டும் அந்தத் தாய்மாருக்குச் சொல்லிவையுங்கள். உறுதி தன் பெயரில் இருந்தும் பயந்துகொண்டிருக்கிறவர்களுக்கு ஒன்று: நமக்கு இங்கே யாழ்ப்பாணத்துத் தேசவழமை கிடையாது. அங்கே கலியாணம் கட்டின பெண் தன் காணியை விற்கவும் புருஷனின் சம்மதம் வேண்டும். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் நமக்குப் பொதுச் சட்டம்தான், உங்கள் சீதனக் காணி முழுக்க முழுக்க உங்களுடையது, அவர் கையெழுத்து எதற்கும் தேவையில்லை.

தம்பிலுவிலான் கேட்ட 12 மாதக் கேள்வி நியாயமான கேள்வி. கட்டளை என்பது மூச்சுவிட ஒரு நேரம். அந்த நேரத்துக்குள் அவள் பிரிவதா, பராமரிப்புப் பணம் கேட்பதா, திரும்பச் சேர்வதா என்று பயமில்லாமல் யோசிக்கலாம். சேரவே முடியாது என்று சட்டம் சொல்லவில்லை. இருவரையும் ஆலோசனைக்கு அனுப்பவும் நீதவானுக்கு அதிகாரம் இருக்கிறது. பேசித் தீர்க்கலாம், ஆனால் அடி நின்ற பிறகு பேச வேண்டும். அடிக்கும் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்துகொண்டு ஒரு பெண் 'சம்மதம்' என்று சொன்னால் அதை நான் சம்மதமாக எடுக்க மாட்டேன்.

தம்பிலுவிலான் | செவ்வாய் இரவு

சரி, அதை ஏற்கிறேன். ஆனால் பொய்யாக மனு போட்டால்? அப்படியும் நடக்கத்தான் செய்கிறது. ஒரு ஆண் அடி வாங்கினால் அவனுக்கு யார்?

கச்சேரியடி | செவ்வாய் இரவு

சட்டத்தில் 'பெண்' என்று எழுதவில்லை, யார் பாதிக்கப்பட்டாலும் போகலாம். மகன் அடிக்கிற வயதான தகப்பனுக்காக நானே மனு போட்டிருக்கிறேன். நீண்ட கட்டளை கொடுக்கும் முன் எதிர்ப்பக்கத்துக்கும் பேச வாய்ப்புக் கொடுத்தே ஆக வேண்டும், அவருக்கு வரக்கூடிய கஷ்டத்தையும் நீதவான் யோசிக்க வேண்டும் என்று இருக்கிறது. பொய்யாக வருகிறவர்களை நான் கண்டதில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வராமலே இருந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். தொகைமதிப்புத் திணைக்களம் 2019-இல் நாடு முழுக்கச் செய்த பெண்கள் நல்வாழ்வு ஆய்வில், துணைவரால் உடல் ரீதியாகவோ பாலியல் ரீதியாகவோ வன்முறைக்கு ஆளானவர்கள் 20.4 வீதம், ஐந்தில் ஒருத்தி. உங்கள் தெருவில் எத்தனை வீடு என்று எண்ணிப் பாருங்கள், அதில் எத்தனை பேர் நீதிமன்றம் போனார்கள் என்றும் எண்ணுங்கள்.

டவுன்காரி | புதன் காலை

அம்பாறை மாவட்டத்திலிருந்து ஒரு விசயம், இதையும் பேச வேண்டும். நான் அக்காவோடு பொலிசில் முறைப்பாடு கொடுக்கப் போனேன். அங்கே தமிழ் தெரிந்தவர் ஒருத்தரும் இல்லை. அக்கா அழுது அழுது சொல்ல, நான் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொல்ல, அவர் சிங்களத்தில் எழுதினார். வாசித்துக் காட்டவில்லை, கையெழுத்து வை என்றார், வைத்தாள். பிறகு நீதிமன்றத்தில் அந்தத் தாளை மொழிபெயர்த்தபோது, 'கத்தியைக் காட்டி மிரட்டினார்' என்று அக்கா சொன்னது 'வாய்த்தர்க்கம் ஏற்பட்டது' என்று இருந்தது.

1987-இலிருந்து தமிழும் ஆட்சிமொழி. தமிழில் எழுதச் சொல்லிக் கேட்கிற உரிமை நமக்கு உண்டு, விளங்காத தாளில் கையெழுத்து வைக்க மாட்டேன் என்று சொல்கிற உரிமையும் உண்டு. ஆனால் முகம் வீங்கி நிற்கிற பெண் அந்த இடத்தில் மொழிச் சட்டம் பேசுவாளா? ஒவ்வொரு நிலையத்திலும் தமிழ் தெரிந்த பெண் உத்தியோகத்தர் ஒருவராவது எந்த நேரமும் இருக்க வேண்டும். என்னைக் கேட்டால் எல்லாத் திருத்தத்துக்கும் முதல் இதுதான் வேண்டும்.

கச்சேரியடி | புதன் மாலை

சட்டத்திலும் திருத்த வேண்டியது நிறையக் கிடக்கிறது, எழுதுகிறேன். கட்டளையை மீறினால் தண்டனை ஒரு வருடம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும். அந்தப் பத்தாயிரம் 2005-இல் எழுதினது. இன்று ஒரு மாதச் சாமானுக்கே காணாது. காசுள்ளவன் தண்டத்தைக் கட்டிவிட்டுத் திரும்ப வருவான்.

மனரீதியான கொடுமையைச் சட்டம் சேர்த்திருக்கிறது, ஆனால் அது பாரதூரமானதாகவும் தொடர்ச்சியானதாகவும் இருக்க வேண்டும் என்று வேலி கட்டியிருக்கிறது. பொருளாதாரக் கொடுமை தனியாகச் சொல்லப்படவில்லை. அவள் பெயரில் நுண்கடன் எடுக்க வைத்து, காசை அவர் கொண்டுபோய், கிழமைக் கிழமை கடன்காரன் அவள் வாசலில் வந்து நிற்பது இங்கே எத்தனை வீட்டில் நடக்கிறது! அதை மனுவில் எந்த வாசகத்துக்குள் போடுவது என்று நான் ஒவ்வொரு முறையும் திண்டாடுகிறேன்.

சொல்லக் கூச்சப்படுகிற இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். 1995-இல் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தினபோது, நீதிமன்றம் பிரித்துவைத்த தம்பதியாக இருந்தால் மட்டும்தான் மனைவியை வல்லுறவு செய்தது குற்றம் என்று 363-ஆம் பிரிவில் எழுதினார்கள். ஒரே வீட்டில் இருக்கிற மனைவிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. என்னிடம் வருகிற பெண்கள் அடியைப் பற்றிச் சொல்லிவிட்டு, பிறகு தலையைக் குனிந்துகொண்டு, 'மற்றதும் இருக்கு மிஸ்' என்பார்கள். அந்த 'மற்றது'க்கு இந்த நாட்டுச் சட்டத்தில் இடமில்லை.

படுவான்கரை வாத்தி | புதன் இரவு

மிஸ், திருத்துங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. 2024-இல் பெண்கள் வலுவூட்டல் சட்டமும் வந்தது, பெண்களுக்கான தேசிய ஆணைக்குழு அமைக்க வழி வந்தது, நல்லது. ஆனால் இருக்கிற சட்டத்தைக் கொண்டுசேர்க்க ஆளில்லாமல் புதுச் சட்டம் எழுதி என்ன செய்வது? என் ஊரில் ஒரு கட்டளையை அவர் கையில் கொடுக்க ஆள் தேடினார்கள், அவர் வாகரைப் பக்கம் மீன்வாடிக்குப் போய் இருந்துகொண்டார். கட்டளை இருக்கிறது, கொடுக்கப்படவில்லை. அந்த நாட்களில் அந்தப் பெண் இரவில் படுக்க ஓர் இடம் கிடையாது. பாதுகாப்பு இல்லம் என்று கேட்டால் இந்த இரண்டு மாவட்டத்துக்கும் போதுமான அளவில் இல்லை. முதலில் இடமும் பஸ் காசும் கொடுங்கள்.

மருதமுனை மகள் | புதன் இரவு

வாத்தியார் சேர், இரண்டும் வேண்டும். எனக்கு இடம் இருந்தது, என் சொந்த வீடு. சட்டம்தான் தெரியவில்லை. உங்கள் ஊர்ப் பெண்ணுக்குச் சட்டம் தெரிந்தது, இடமில்லை. எது முதல் என்று நாம் பேசிக்கொண்டிருந்தால் இரண்டு பேருமே அடி வாங்கிக்கொண்டிருப்போம்.

தம்பிலுவிலான் | புதன் இரவு

இரண்டு நாளாக யோசித்தேன். குடும்பம் பிரியக்கூடாது என்ற என் எண்ணம் மாறவில்லை. ஆனால் எங்கள் கோயிலில் இப்படிப் பஞ்சாயத்துக்கு இருக்கிறவர்களில் நானும் ஒருத்தன், இதுவரை எழுதாமல் விட்டேன். போன வருடம் ஒரு பிள்ளையைச் சமாதானம் சொல்லித் திரும்ப அனுப்பினோம். அவள் இப்போது எப்படி இருக்கிறாள் என்று நாங்கள் ஒருத்தரும் போய்ப் பார்க்கவில்லை. நாளைக்கு மனைவியைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்கப் போகிறேன். கச்சேரியடி, அந்தப் படிவம் தமிழில் இருந்தால் ஒரு பிரதி எடுத்து வைக்க வேண்டும்.

கச்சேரியடி | புதன் இரவு

சட்டத்தின் தமிழ்ப் பிரதியிலேயே அட்டவணையில் இருக்கிறது, அச்சு எடுத்துத் தருகிறேன். நீங்கள் போகும்போது அவளிடம் தனியாகப் பேச உங்கள் மனைவிக்கு ஐந்து நிமிடம் கிடைக்கிற மாதிரிப் பாருங்கள். புருஷனோடு நீங்கள் முன்வாசலில் இருந்து கதைத்துக்கொண்டிருங்கள்.

வாவிக்கரை | அடுத்த திங்கள் இரவு

எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனோம், மச்சாள் டொக்டரிடம் உள்ளதைச் சொன்னாள். சட்ட உதவியில் மனு எழுதினார்கள், வெள்ளிக்கிழமை நீதவான் இடைக்காலக் கட்டளை தந்தார். நேற்றுப் பொலிஸ் கூடவே வர, அவர் உடுப்பை எடுத்துக்கொண்டு போனார். அதே சூட்கேஸ்தான் என்று மாமி சொன்னா.

நாங்கள் பின்னேரம் போய்ப் பூட்டை மாற்றினோம். உள்ளே போனதும் மச்சாள் செய்த முதல் வேலை ரேடியோவின் வயரைக் கழற்றிச் சுற்றி அலுமாரிக்கு மேலே வைத்தது. சின்னவள் முற்றத்து மாமரத்தடிக்கு ஓடினாள். மூத்தவன் மட்டும் பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. சாப்பிடும்போதும் மடியில் வைத்துக்கொண்டே இருந்தான், நாங்களும் ஒன்றும் சொல்லவில்லை.

விசாரணை அடுத்த வியாழன். அவர் பக்கத்தில் ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர் வருவார்களாம், ஊரில் கதை. எங்கள் பக்கத்தில் மாமியும் நானும்தான். நான் வேலைக்கு லீவு போட்டிருக்கிறேன், ஆனாலும் அந்த வராந்தாவில் அவள் தனியாக நிற்கிற மாதிரி இருக்கக்கூடாது என்று மனம் அடித்துக்கொள்கிறது.

மருதமுனை மகள் | திங்கள் இரவு

நான் வருகிறேன். கல்முனையிலிருந்து ஆறு மணி பஸ் எடுத்தால் நேரத்துக்கு வந்துவிடலாம். என்னை யாரென்று அவவுக்குச் சொல்ல வேண்டாம், பக்கத்தில் இருந்துகொள்கிறேன்.

வார்ட் வெளிச்சம் | செவ்வாய் அதிகாலை

வியாழன் எனக்கு ஓய்வு நாள். நானும் வருகிறேன். தண்ணீர்ப் போத்தலும் பிள்ளைகளுக்குச் சாப்பாடும் நான் கொண்டுவருகிறேன், அங்கே மதியம் தாண்டிவிடும்.

கச்சேரியடி | செவ்வாய் காலை

ஒன்பது மணிக்கு முன்பே உள்ளே போய்விடுங்கள், பெயர் கூப்பிடும்போது இல்லையென்றால் சிக்கல். டிக்கெட்டின் பிரதியும் உறுதியின் பிரதியும் கையில் இருக்கட்டும். பிள்ளைகளைக் கூட்டி வர வேண்டாம், மூத்தவன் அன்றைக்குப் பள்ளிக்கூடம் போகட்டும்.